சென்னை ஓப்பன்: ஒரு டென்னிஸ் போட்டியின் வரலாறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

விளையாட்டு வரலாறு என்றால் வென்றவர்களின் பெயர்ப் பட்டியல் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். அந்தப் பட்டியலைப் பொது அறிவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு போட்டிக்கும் பிறப்பு உண்டு, பெயர் மாற்றம் உண்டு, இடப்பெயர்ச்சியும் உண்டு. அது எப்படி வந்தது, யாருக்குப் பயன்பட்டது, ஏன் போனது, போன பின் எஞ்சியது என்ன என்று கேட்கும்போதுதான் அது வரலாறாகிறது.

நம் நகரின் நடுவே, நுங்கம்பாக்கத்தில், 1997 முதல் 2017 வரை 21 ஆண்டுகள் இடைவிடாது நடைபெற்றது சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி. ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பின் ஆட்டவரிசையில், பெரும்பாலான ஆண்டுகளில் தெற்காசியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே போட்டி இதுதான். அதன் வரலாற்றை மேற்கண்ட வினாக்களோடு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டிக்கு முன்பே வளர்ந்த ஆட்டம்

சென்னை ஓப்பன் வந்த பிறகுதான் சென்னைக்கு டென்னிஸ் வந்தது என்று யாரேனும் நினைத்தால் அது தவறு. விதை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

1937-இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி.கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்றவர். 1951-இல் அவர் பள்ளி மாணவர். அப்போது நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி நடத்திய பெர்ட்ராம் போட்டியில் கல்லூரி மாணவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. அவருடைய பள்ளித் தலைமையாசிரியர் கல்லூரி முதல்வரை அணுகிச் சிறப்பு அனுமதி பெற்றுத் தந்தார். கல்லூரி இளைஞர்களோடு ஆடிய அந்தப் பள்ளிச் சிறுவரே கோப்பையை வென்றார். மூன்றே ஆண்டுகளில், 1954-இல், விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டம் அவருடையதாயிற்று. அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1966-இல் டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய இந்திய அணியிலும் இருந்தார்.

ஒரு தலைமையாசிரியரின் பரிந்துரையும் ஒரு முதல்வரின் இசைவும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திறமை அப்போதும் இருந்திருக்கும். ஆனால் வாசல் அவ்வளவு விரைவில் திறந்திருக்காது. இந்நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சென்னை ஓப்பன் வரலாற்றைப் புரிந்துகொள்ள இது துணை செய்யும்.

கிருஷ்ணனுக்குப் பின் ஆனந்த், விஜய், அசோக் என்ற அமிர்தராஜ் சகோதரர்கள் வந்தனர். விஜய் அமிர்தராஜ் 1973-இல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதியை எட்டினார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979-இல் தந்தையைப் போலவே விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1980-களில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்துக்குக் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர்தான் லியாண்டர் பயஸ். மயிலாப்பூர் ஆலிவர் சாலையில் கிருஷ்ணன் குடும்பத்தார் நடத்திய பயிற்சி மையத்தை அப்பகுதி மக்கள் நன்கு அறிவர். அச்சாலை இப்போது முசிறி சுப்பிரமணியம் சாலை எனப்படுகிறது.

ஆக, ஆட்டம் இருந்தது, ஆடுவோரும் இருந்தனர். உலகத்தரமான களம் ஒன்றுதான் வேண்டியிருந்தது.

களம் அமைந்த கதை

தி.நகரிலிருந்து வள்ளுவர் கோட்டத்தைக் கடந்து நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதிக்குச் சென்றால் டென்னிஸ் அரங்கத்தைக் காணலாம். ‘ஏரிப் பகுதி’ என்ற பெயர் வெறும் பெயரன்று. அங்கே மெய்யாகவே ஏரி இருந்தது. இன்றைய தி.நகரும் 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றச் செய்து உருவாக்கிய ஊர்தான். நீர் நின்ற இடத்தில் வீடுகள் எழுந்தன, கோட்டம் எழுந்தது, பின்னர் ஆடுகளமும் எழுந்தது.

1995 டிசம்பரில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுகள் சென்னையில் நடைபெற்றன. அதற்காகவே இந்த அரங்கம் கட்டப்பட்டது. சுமார் 5,800 பேர் அமரலாம். அரசுப் பணத்தில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் அமைந்த அரங்கம் இது. இதுவும் நினைவில் வைக்கத்தக்கது.

1996-இல் இந்தியாவுக்கான ஏ.டி.பி. போட்டி புதுதில்லியில் நடந்தது. சுவீடனின் தாமஸ் என்க்விஸ்ட் வென்றார். அடுத்த ஆண்டே போட்டி சென்னைக்கு வந்தது. 1997 ஏப்ரலில் நடந்த முதல் சென்னைப் போட்டியில் மற்றொரு சுவீடன் வீரர் மிக்கேல் டில்ஸ்ட்ராம் பட்டம் வென்றார். சித்திரை வெயிலில் ஐரோப்பிய வீரர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்துப் போட்டி ஜனவரி முதல் வாரத்துக்கு மாற்றப்பட்டது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்குச் செல்லும் வழியில் இங்கே ஆடிவிட்டுப் போகலாம் என்பதால் பெரிய வீரர்களுக்கும் அது வசதியாயிற்று.

31 ஆட்டங்களின் கணக்கு

கணித மாணவன் என்ற முறையில் போட்டியின் அமைப்பைச் சற்று விளக்க விரும்புகிறேன். இதில் ஒரு சிறிய புதிரும் உண்டு.

ஒற்றையர் பிரிவில் 32 பேர் ஆடுகின்றனர் எனக் கொள்வோம். தோற்றவர் வெளியேற வேண்டும். பட்டம் வெல்பவர் தீரும் வரை மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்? முதற்சுற்றில் 16, அடுத்து 8, பின்பு 4, 2, 1 எனக் கூட்டினால் 31 வரும். ஆனால் கூட்டாமலே விடை சொல்லலாம். ஒவ்வோர் ஆட்டமும் சரியாக ஒருவரை வெளியேற்றுகிறது. இறுதியில் ஒருவர் மட்டும் மிஞ்ச வேண்டுமானால் 31 பேர் வெளியேற வேண்டும். எனவே 31 ஆட்டங்கள். சில ஆண்டுகளில் 28 பேர் ஆடினர். முதல் நால்வர் நேரே இரண்டாம் சுற்றில் இறங்கினர். அப்போது 27 ஆட்டங்கள். எத்தனை பேர் ஆடினாலும் அதில் ஒன்றைக் கழித்தால் போதும்.

இந்த 32 பேர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பது அடுத்த வினா. பெரும்பாலோர் உலகத் தரவரிசைப்படி இடம் பெறுவர். சிலர் தகுதிச் சுற்றில் வென்று உள்ளே வருவர். எஞ்சிய சில இடங்கள், வழக்கமாக மூன்று, போட்டி நடத்துவோர் தம் விருப்பப்படி வழங்குபவை. இதற்கு ‘வைல்ட் கார்டு’ என்று பெயர். தரவரிசையில் பின்தங்கியுள்ள உள்ளூர் இளைஞருக்கு இது பேருதவி. ஏனெனில் தரவரிசையில் ஏறப் பெரிய போட்டிகளில் ஆட வேண்டும். பெரிய போட்டிகளில் ஆடத் தரவரிசை வேண்டும். இந்தச் சுழலை வெட்டும் கத்தி அது. 1951-இல் லயோலா கல்லூரி முதல்வர் தந்த அனுமதியும் பெயரிடப்படாத ஒரு வைல்ட் கார்டுதானே!

ஆனால் ஒன்று: அது உள்ளே விடுமே தவிர, யாரையும் வெல்ல வைக்காது. முதற்சுற்றிலிருந்து ஆடுபவர் பட்டம் பெற ஐந்து சுற்றுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வெல்லும் வாய்ப்பு பாதி எனக் கொண்டாலும், ஐந்தையும் வெல்லும் வாய்ப்பு 32-இல் ஒன்றுதான்.

பெயர்கள் மாறின

போட்டியின் பெயர் புரவலருக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தது. 1997 முதல் 2001 வரை அது ‘கோல்டு ஃப்ளேக் ஓப்பன்’. உடல் வலிமையைப் போற்றும் விளையாட்டுக்கு ஒரு சிகரெட்டின் பெயர்! இன்று வியப்பாக இருக்கலாம். அன்று அது உலக வழக்கம். 2003-இல் புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2002-இல், போட்டி ‘டாடா ஓப்பன்’ ஆகிவிட்டது. 2005-இல் ஊரின் பெயரே போட்டியின் பெயராகி ‘சென்னை ஓப்பன்’ என வழங்கலாயிற்று. 2010 முதல் ‘ஏர்செல் சென்னை ஓப்பன்’. மக்களோ எந்தப் பெயர் வைத்தாலும் ‘நுங்கம்பாக்கம் டென்னிஸ்’ என்றே சொல்லி வந்தனர்.

நினைவில் நின்ற ஆண்டுகள்

21 ஆண்டுகளையும் விரித்துரைக்க இங்கே இடமில்லை. சிலவற்றை மட்டும் காண்போம்.

1997-இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இங்கே இரட்டையர் பட்டம் வென்றனர். இணையாக அவர்கள் வென்ற முதல் ஏ.டி.பி. பட்டம் அதுவே. 1998, 1999, 2002, 2011 ஆகிய ஆண்டுகளிலும் வென்று ஐந்து முறை பட்டம் பெற்றனர். 1999-இல் பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்த அந்த இணை, முதல் வெற்றியைச் சுவைத்தது நம் ஊரில்தான். 1998-இல் ஒற்றையர் பட்டம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டர். அதற்கு முந்தைய ஆண்டின் அமெரிக்க ஓப்பன் சாம்பியன்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி தாக்கியது. பட்டினப்பாக்கம், மெரினா கரைகளில் உயிர்ச்சேதம் நேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்த நிலையில் 2005 போட்டி தொடங்கியது. இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் கார்லோஸ் மோயாவும் தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசாபனும் மோதினர். ஸ்ரீசாபனின் நாடும் அதே அலையால் அழிவுற்ற நாடு. மூன்றாம் செட்டின் டைபிரேக்கரில் வென்ற மோயா, தமது பரிசுத் தொகையைச் சுனாமி நிவாரணத்துக்கு வழங்கினார். கரையோர மக்கள் டென்னிஸ் அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அந்த ஆண்டின் சாம்பியனை இந்நகர் மறக்கலாகாது.

2008 அரையிறுதியில் அதே மோயாவும் ரஃபேல் நடாலும் ஆடிய மூன்று செட் ஆட்டம் 3 மணி 54 நிமிடம் நீடித்தது. மூன்று செட்டுகளும் டைபிரேக்கரில் முடிந்தன. இருவரும் மயோர்க்கா என்ற ஒரே தீவினர், ஒருவருக்கொருவர் நண்பர். நடால் வென்றார். ஆனால் மறுநாள் இறுதியாட்டத்தில் கால்கள் ஒத்துழைக்கவில்லை போலும்; ரஷ்யாவின் மிக்கயில் யூஷ்னியிடம் 0-6, 1-6 எனத் தோற்றார். அரையிறுதியில் வென்ற களைப்பு இறுதியில் தோல்வியாயிற்று.

2009-ஆம் ஆண்டே என் கருத்தில் இப்போட்டியின் மிகச் சிறந்த ஆண்டு. சென்னையில் பயிற்சி பெற்றவரும், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அணிக்காக ஆடி 2007, 2008 ஆகிய ஈராண்டும் அந்நாட்டுக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றவருமான சோம்தேவ் தேவ்வர்மனுக்கு வைல்ட் கார்டு வழங்கப்பட்டது. உலகத் தரவரிசையில் 200-க்கும் கீழே இருந்தவர் அவர். முன்னாள் சாம்பியன் மோயாவை வீழ்த்தினார். இடி போலச் செர்வ் போடும் குரோஷியாவின் கார்லோவிச்சையும் வீழ்த்தினார். அரையிறுதியில் எதிராளி ஆட வராததால் இறுதிக்குள் நுழைந்தார். இறுதியில் மரின் சிலிச்சிடம் 4-6, 6-7 எனத் தோற்றார். தோற்றாலும் என்ன? கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு வந்த ஒருவர், கதவைத் திறந்துவிட்டால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதைக் காட்டிவிட்டார்.

2011, 2014, 2015, 2016 என நான்கு முறை ஒற்றையர் பட்டம் வென்று சாதனை படைத்தவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா. 2014-இல் இங்கே வென்ற அவர், அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றார்.

2017 ஜனவரியில் ஸ்பெயினின் பாட்டிஸ்டா அகுட், பின்னாளில் உலகின் முதல் வீரரான மெத்வதேவை இறுதியில் வென்றார். இரட்டையர் இறுதியில் ஆடிய நால்வரும் இந்தியர். ரோஹன் போபண்ணாவுடன் இணைந்து கோப்பையை வென்றவர் நம் சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியன். சென்னை இளைஞர் சென்னைக் கோப்பையை ஏந்திய அதே ஆண்டுதான் போட்டியின் கடைசி ஆண்டாகவும் அமைந்தது.

போட்டி இடம் பெயர்ந்தது

2017 முடிவதற்குள், போட்டி இனிப் புனே நகரில் நடைபெறும் என்ற அறிவிப்பு வந்தது. பலர் திகைத்தனர். 21 ஆண்டுகள் நடந்த ஒன்றை எப்படி எடுத்துச் செல்ல முடியும்?

இங்கேதான் தொழில்முறைப் போட்டியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்டவரிசையில் ஒரு வாரத்தில் போட்டி நடத்தும் உரிமை ஒரு சொத்து. அதை வைத்திருப்பவர் புரவலர்களையும் வசதிகளையும் பார்த்து வேறு ஊருக்குக் கொண்டு செல்லலாம். அரங்கம் நம்முடையது, கைதட்டியவர்கள் நம்மவர், உரிமமோ வேறொருவருடையது. தில்லியிலிருந்து 1997-இல் நமக்கு வந்ததும் இப்படித்தான். வரும்போது மகிழ்ந்த நாம் போகும்போது மட்டும் வழக்கு என்ன பேசுவது? 2018 முதல் 2023 வரை புனேயில் ஐந்து முறை நடந்த போட்டி, அதன் பின் அங்கேயும் நடைபெறவில்லை.

எஞ்சியது அரங்கம். அதில் அடுத்த நிலைப் போட்டிகளான சேலஞ்சர் ஆட்டங்கள் நடந்தன. 2024 பிப்ரவரியில் அத்தகைய போட்டியொன்றை இங்கே வென்ற சுமித் நாகல், அதன் பயனாக உலகின் முதல் 100 பேருள் இடம் பெற்றார். கூட்டமும் ஆரவாரமும் முன்போல் இல்லை. ஆனால் ஓர் இந்திய வீரருக்கு வேண்டிய படி அதே களத்தில்தான் கிடைத்தது.

வாசலுக்கு வெளியே

என் தந்தையார் தி.நகர் பனகல் பூங்காப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுபவர். ஜனவரி முதல் வாரத்தில் நுங்கம்பாக்கம் சவாரி நன்றாகக் கிடைக்கும் என்பார். இக்கட்டுரைக்காக அவரிடம், “அப்பா, ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “ஆளை எறக்கிவிட்டுட்டு வந்துடுவேன். நமக்கு அங்க என்ன வேலை?” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, வழக்கமான செய்தி போலச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்தபோது உறவினர் ஒருவரும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார். ஆகவே இந்தச் சொற்களின் பொருள் எனக்குத் தெரியும். நுழைவுச் சீட்டின் விலை ஒரு தடை. மட்டையின் விலை அதைவிடப் பெரிய தடை. ‘இது நம்முடைய இடமன்று’ என்ற எண்ணமோ எல்லாவற்றிலும் பெரிய தடை. அரசுப் பணத்தில் கட்டிய அரங்கத்துக்கும் அந்த எண்ணம் ஒரு மதிலை எழுப்பிவிடுகிறது. எதிராளி யாரென்று அறிவதற்கு முன்பே, ஒருவர் தம்மைத் தாமே முதற்சுற்றில் வெளியேற்றிக்கொள்கிறார்.

மகளிர் ஆட்டம்

2022 செப்டம்பரில் ‘சென்னை ஓப்பன்’ என்ற பெயர் மீண்டும் ஒலித்தது. இம்முறை மகளிர் தொழில்முறை அமைப்பான டபிள்யூ.டி.ஏ.வின் போட்டி. அத்தரத்தில் மகளிர் போட்டி சென்னையில் நடந்தது அதுவே முதல் முறை. தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் மாநில டென்னிஸ் சங்கம் அதை நடத்தியது. செக் நாட்டின் 17 வயதுச் சிறுமி லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்டா லினெட்டை வென்று தம் முதல் பட்டத்தைப் பெற்றார். வைல்ட் கார்டு பெற்று ஆடிய இந்திய வீராங்கனை கர்மன் கவுர் தாண்டி முதற்சுற்றில் பிரான்சின் க்ளோயி பாக்கேயை வென்றார்.

இரண்டு ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் 2025 அக்டோபர் இறுதியில் போட்டி மறுபடியும் நடந்தது. வடகிழக்குப் பருவமழை குறுக்கிட்டாலும் நவம்பர் 2-ஆம் நாள் இறுதியாட்டம் முடிந்தது. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். அவரும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடிவிட்டுத் தொழில்முறைக்கு வந்தவர். இது அவருடைய முதல் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம். சோம்தேவைப் போலவே இவரும் கல்லூரிக் களத்திலிருந்து வந்தவர் என்பது, கல்லூரி மலர் படிக்கும் நமக்கு ஊக்கமளிக்க வேண்டிய செய்தியாகும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். உரிமம் தில்லியிலிருந்து வந்தது, புனேவுக்குப் போனது. பெயர் மூன்று முறை மாறியது. புரவலர்கள் வந்தனர், சென்றனர். மாறாமல் நின்றவை இரண்டு. ஒன்று, ஏரிப் பகுதியில் உள்ள களம். மற்றொன்று, இந்நகரில் தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தைக் கற்பித்துவரும் பழக்கம். எனவே ஒரு போட்டி நம்மிடம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதைவிட, அது இருந்த நாளில் எத்தனை பேருக்கு வாசல் திறந்தது என்பதே அதை அளக்கும் அளவுகோல் என்பது என் துணிபு. அந்த அளவுகோலின்படி, வாவ்ரிங்காவின் நான்கு கோப்பைகளைவிட சோம்தேவுக்குத் தந்த ஒரே ஒரு வைல்ட் கார்டு எடை மிகுந்தது.

இதிலிருந்து நாம் செய்யத்தக்கவை சில உண்டு. போட்டி நாள்களில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென ஒரு பகுதி இருக்கைகளை ஒதுக்கலாம். போட்டி இல்லாத மற்ற நாள்களில் வசதியற்ற மாணவர்கள் மட்டை இரவல் பெற்று ஆட ஏற்பாடு செய்யலாம். நம் கல்லூரி உடற்கல்வித் துறையும் மாணவர் பேரவையும் இதனை உரியவர்களிடம் எடுத்துரைக்க வேண்டும். பேராசிரியப் பெருமக்களும் இதற்குத் துணை நிற்பார்கள் என நம்புகிறேன்.

ஐந்து சுற்றுகளையும் ஆடுபவர்தாம் கடக்க வேண்டும். அதில் யாரும் உதவ முடியாது. ஆனால் முதற்சுற்றுக்குள் ஒருவரை விடுவது பிறர் கையில் இருக்கிறது. 1951-இல் ஒரு தலைமையாசிரியர் அதைச் செய்தார். அரசுக் கல்லூரிகள் ஆண்டுதோறும் என் போன்றோர்க்கு அதைச் செய்துகொண்டிருக்கின்றன. டென்னிஸ் களமும் அவ்வாறே திறந்திருக்குமானால், அடுத்த சாம்பியன் மயிலாப்பூரிலிருந்து மட்டுமன்றி, பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் வரக்கூடும் என்பது திண்ணம்.